மோட்டார் சைக்கிளுக்கு எந்த எண்ணெய்?

சிந்தெடிக் ஆயில் நல்லதா, சாதா ஆயிலே போதுமா என்று நம் சங்கத்து இளைஞர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள்.

சாதா ஆயில் கச்சா எண்ணெயைச் சுத்திகரித்து எடுப்பது. சிந்தெடிக், வேதிமுறையில் சீராக ஆக்கப்படுவது. அது பாலக்காட்டுப் பங்குனி வெயிலில் எளிதில் கெடாது. மூணாற்று மார்கழிக் குளிரிலும் தடையின்றி ஓடும். விலைதான் கூடுதல்.

ஆனால் முதலில் பார்க்க வேண்டியது வேறு. பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் எஞ்சின், கியர், கிளட்ச் மூன்றுக்கும் ஒரே எண்ணெய்தான். வழுக்கும் தன்மை கூடிய கார் எண்ணெயை ஊற்றினால் கிளட்ச் நழுவும். ஊர்த் திருவிழா முடிந்து மூணாற்றுக்குத் திரும்புகையில், போடிமெட்டுப் பாதையின் 17 கொண்டை ஊசி வளைவுகளில் எஞ்சின் இரையும், வண்டி ஏறாது. பின்னால் வீட்டாரும் இருந்தால் ஆபத்து.

ஆகவே டப்பாவில் 'ஜாசோ எம்.ஏ.' அல்லது 'எம்.ஏ.2' என்றிருக்க வேண்டும். 'எம்.பி.' கியரில்லாத ஸ்கூட்டருக்கு உரியது. '10 டபிள்யூ 30' போன்றவற்றில் முதல் எண் குளிரில் ஓடும் தன்மையையும், இரண்டாவது சூட்டில் நிற்கும் கெட்டியையும் குறிக்கும். வண்டியின் கையேட்டில் உள்ள எண்ணையே வாங்குங்கள்.

ரயில்வே டீசல் ஷெட்டில் எண்ணெயைச் சோதனைச்சாலையில் பரிசோதித்து மாற்றுவோம். வீட்டில் அது முடியாது. கிலோமீட்டர் கணக்குதான் வழி. தவணை தவறிய சிந்தெடிக்கைவிட, தவணை தவறாமல் மாற்றிய சாதா ஆயிலே மேல்.