கொடியாய் ஏறும் பனை

பிரம்பு என்றதும் மாணவராகிய நமக்கு முதலில் நினைவுக்கு வரும் பயன் ஒன்றுண்டு. அதனை இங்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. வைகைக் கரையில் பாண்டியன் ஓங்கிய பிரம்பின் அடி எல்லா உயிர்களின் முதுகிலும் விழுந்த கதையையும் அறிவோம். ஆனால் பிரம்பு எங்கே விளைகிறது என்று கேட்டால், மலைக்காட்டில் என்றோ, அசாமில் என்றோ, மலேசியாவில் என்றோதான் பெரும்பாலோர் விடை கூறுவர். அது பாதி விடையே.

பிரம்பை மூங்கிலின் இனம் என்று எண்ணுவாரும் உளர். மூங்கில் புல்லினம், பெரும்பாலும் உள்ளே கூடு. பிரம்போ பனை, தென்னை, கமுகு ஆகியவற்றின் குடும்பத்தது, உள்ளே கெட்டி. பனை தன் காலில் நிற்கும். மெலிந்த பிரம்புக்கு அது இயலாது. பக்கத்து மரத்தைப் பற்றியே அது வெயிலைத் தேடி ஏறுகிறது. நம் நாட்டுப் பிரம்பின் இலையுறையிலிருந்து சாட்டை போன்ற ஓர் உறுப்பு நீளும். அதில் பின்னோக்கி வளைந்த கொக்கி முட்கள் இருக்கும். காற்றில் அசையும் சாட்டை ஒரு கிளையில் மாட்டிக்கொண்டால், கொடி கீழே நழுவாது. இச்சாட்டை உண்மையில் பூக்காமல் போன பூங்கொத்தே என்பது வியப்புக்குரியது.

மற்ற பனைகளைப் போலவே பிரம்புத் தண்டும் ஆண்டுதோறும் பருப்பதில்லை. அதனால்தான் அடி முதல் நுனி வரை ஏறக்குறைய ஒரே பருமனாக இருக்கிறது. 100 மீட்டருக்கு மேல் நீளும் இனங்கள் மலேசியா, சுமத்திரா காடுகளில் உண்டு. புதுச்சேரியின் பழைய பிரெஞ்சு வீடுகளில் காணும் நாற்காலிகளின் பின்னலுக்கும் இப்பண்பே துணை. தண்டின் மேல்தோலை நாராகச் சீவி, மரச்சட்டத்துத் துளைகளில் கோத்துப் பின்னுவர். கடற்கரை ஊரின் புழுக்கத்திற்கு அதைவிட நல்ல இருக்கையில்லை என்பது என் கருத்து. பின்னல் தளர்ந்தால் அடிப்புறத்தை நீரால் நனைத்து உலரவிட வேண்டும், மீண்டும் இறுகும்.

1753இல் லின்னேயஸ் நூலில் இடம்பெற்று, பிரம்புப் பேரினத்திற்கே மாதிரி இனமாக அமைந்தது 'கலாமஸ் ரோடாங்'. அதன் தாயகம் தென்னிந்தியாவும் இலங்கையும். அதுவும் மலையுச்சியன்று, தாழ்ந்த சமவெளியின் நீர்நிலை ஓரங்கள். பெயர் மட்டும் 'ரோத்தான்' என்னும் மலாய்ச் சொல்லின் வழிவந்தது. பிரெஞ்சு மொழியின் 'ரொத்தேன்' என்பதும் அதிலிருந்து பிறந்ததே. நம் மண்ணின் கொடிக்கு நம் பெயர் கிட்டவில்லை.

ஆயினும் அதன் இருப்பிடத்தை லின்னேயசுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே ஔவையார் குறித்துவிட்டார். குறுந்தொகை 91ஆம் பாடலில், பின்னிக்கிடக்கும் பிரம்புக்கொடியின் பழத்தை ஆழமான குளத்துக் கெண்டைமீன் கவ்வுகிறது. திணை மருதம். மீன் கவ்வ வேண்டுமெனில் கொடி நீரின்மேல் சாய்ந்திருக்க வேண்டுமல்லவா? பழத்தின் மேற்புறம் வரிகளையுடையது என்றும் புலவர் சொல்கிறார். தாவரவியலார் அதனை ஓட்டின்மேல் ஓடாக அடுக்கிய செதில்கள் என்பர். இரண்டும் ஒன்றே.

அத்தகைய கரைகள் இன்று எத்தனை? சோழமண்டலக் கடற்கரைச் சமவெளியின் பழங்காடு துண்டு துண்டாகவே எஞ்சியுள்ளது. அதுவும் பெரும்பாலும் புதுச்சேரிக்கு வடக்கே புத்துப்பட்டு ஐயனார் கோயில் காடு போன்ற கோயிற்காடுகளாக. பிரம்புக்கு ஈரமும் வேண்டும், ஏற மரமும் வேண்டும். கரையைச் செப்பனிடுகிறோம் என்று மரத்தையும் முட்புதரையும் ஒருசேர வழித்துவிட்டால் கொடிக்கு இடமேது? வெளிநாட்டுப் பிரம்பையே நம்பியிருப்பதும் எளிதன்று. பெருமளவு விளைவிக்கும் இந்தோனேசியா 2012இல் பதப்படுத்தாத பிரம்பின் ஏற்றுமதியைத் தடைசெய்தது.

இன்னொன்றும் உண்டு. பனையைப் போலப் பிரம்பிலும் ஆண் வேறு, பெண் வேறு. ஒரு கரையில் ஆண் தூறு மட்டும் தப்பினால், அது தளிர்த்து வாழுமேயன்றிப் பழம் தராது. பூக்கும்வரை கன்றின் பாலை அறிய இயலாது. எனவே ஏரிக்கரையில் பிரம்பை மீண்டும் வளர்க்க முனைவோர், ஒன்றிரண்டு கன்றுகளோடு நில்லாமல், பல கன்றுகளை மரங்களின் அடியில் அருகருகே நடவேண்டும்.