பொலிஸ் தேர்வுக்குப் போகும் தம்பி தங்கச்சிமாருக்கு: முழங்காலைக் கவனியுங்கள்



பொலிஸ் சேவைக்கு ஆட்கள் சேர்க்கும் அறிவித்தல் வர்த்தமானியில் வந்ததும் எங்கள் லயங்களிலும் பேச்சு எழும்புகிறது. ஓ.எல். பாஸ் பண்ணிய பிள்ளைகள் விண்ணப்பம் நிரப்பிக்கொண்டு வருகிறார்கள். விடியக்காலையில் பிரட்டுக்களத்தைச் சுற்றி ஓடுகிறார்கள். பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் அவர்களில் சிலர் நொண்டிக்கொண்டு ஓடுவதையும் பார்க்கிறோம். ஆகவே இந்த மாதப் பாடம் முழங்காலைப் பற்றியது.

ஏன் இது முக்கியம்?

1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் எங்கள் தாத்தா பாட்டிமாரில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. குடியுரிமை இல்லாதவருக்கு அரசாங்க உத்தியோகம் எட்டாத கனி. எஞ்சியிருந்தவர்களின் பிரச்சினை தீர 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. 1987இல் வந்த அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. இருந்தும், ஒரு தாய் தன் முறைப்பாட்டைத் தமிழில் சொல்ல, அதைத் தமிழிலேயே எழுதிக்கொள்ள ஒருவர் வேண்டுமே! அந்த ஒருவர் நம்ம லயத்துப் பிள்ளையாக இருந்தால் எத்தனை பேருக்கு உதவி? அப்படிப்பட்ட வாய்ப்பு ஒரு முழங்காலால் கெட்டுப்போகக் கூடாது.

முழங்கால் எப்படி வேலை செய்கிறது?

தொடை எலும்பும் கெண்டைக்கால் எலும்பும் சேரும் இடம் முழங்கால். முன்னால் சிரட்டை. உள்ளே மெத்தை போல இரண்டு குருத்தெலும்புத் தட்டுகள். எலும்புகளை இழுத்துப் பிடிக்கும் நாண்கள் நான்கு. இவ்வளவையும் காவல் காப்பது தொடைச் சதை. முழங்கால் வீங்கினால் அந்தத் தொடைச் சதை சில நாட்களிலேயே சோர்ந்து மெலியத் தொடங்கும். வலி குறைந்த பிறகும் கால் "நழுவுது, நம்ப முடியல்ல" என்று பிள்ளைகள் சொல்வதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

ஜெர்மனியில் பெர்லின் நகர ஆராய்ச்சியாளர்கள், மாற்று மூட்டுப் பொருத்தியவர்களின் முழங்காலுக்குள் அளவுக் கருவி வைத்துப் பார்த்து 2010இல் கணக்கை வெளியிட்டார்கள். சமதரையில் நடக்கும்போது மூட்டில் உடல் எடையைப் போல சுமார் 2.6 மடங்கு பாரம் விழுகிறது. படி ஏறும்போது சுமார் 3.2 மடங்கு. இறங்கும்போது சுமார் 3.5 மடங்கு. 60 கிலோ எடையுள்ளவர் படி இறங்கினால் மூட்டில் 200 கிலோவுக்கும் மேல்! கொழுந்து மலையில் இறங்கும் அம்மாமார் "ஏறும்போது மூச்சு வாங்குது, இறங்கும்போது முட்டி வலிக்குது" என்று சொல்வது சரியான பேச்சு.

ஆகவே காலில் அடிபட்ட பிள்ளை கலகெதரயிலிருந்து மாவத்தகம பக்கம் இறங்கும் பாதையில் ஓடிப் பழகக் கூடாது. சமமான மைதானம்தான் தகுந்த இடம்.

முதலில் டொக்டரிடம் காட்டுங்கள்

கரப்பந்து, வலைப்பந்து விளையாடிக் குதித்து இறங்கும்போது கால் திரும்புவது அடிக்கடி நடப்பது. குதிக்கும் விளையாட்டுகளில் முன்நாண் அறுவது ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம் என்பதால் தங்கச்சிமார் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். கீழே சொல்லும் அடையாளங்களில் ஒன்று இருந்தாலும் எண்ணெய் தேய்த்துக்கொண்டு வீட்டில் இருக்க வேண்டாம். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

1. அடிபட்ட காலை ஊன்றி நான்கு அடி நடக்க முடியவில்லை.
2. முழங்காலைச் செங்கோணம் அளவுக்கு மடக்க முடியவில்லை.
3. "டக்" என்று சத்தம் கேட்டு ஓரிரு மணித்தியாலத்தில் பெரிதாக வீங்கிவிட்டது.
4. கால் பூட்டிக்கொள்கிறது, நீட்ட முடியவில்லை. அல்லது நடக்கும்போது மடிந்து விழுகிறது.

முதல் இரண்டும் கனடாவில் ஒட்டாவா நகர டொக்டர்மார் 1995இல் வெளியிட்ட விதிகளில் உள்ளவை. யாருக்கு எக்ஸ்ரே தேவை என்று முடிவு செய்ய இன்றும் பயன்படுகின்றன. நாண் அறுந்தால் எக்ஸ்ரேயில் தெரியாது என்பதையும் நினைவில் வையுங்கள். படம் நல்லா இருக்கு என்பதால் கால் நல்லா இருக்கு என்று ஆகிவிடாது. கண்டி தேசிய வைத்தியசாலை, பேராதனை போதனா வைத்தியசாலை போன்ற பெரிய ஆஸ்பத்திரிகளில் உடற்பயிற்சிச் சிகிச்சைப் பிரிவு உண்டு. டொக்டரிடம் கேட்டுத் துண்டு வாங்கிக்கொண்டு போகலாம். அரசாங்க ஆஸ்பத்திரியில் இதற்குக் காசு இல்லை.

பன்னிரண்டு வாரப் பாடம்

நாணோ தட்டோ கிழியவில்லை, சாதாரணச் சுளுக்குத்தான் என்று டொக்டர் சொன்னவர்களுக்கு இந்தப் பாடம். மற்றவர்கள் சிகிச்சைப் பிரிவில் சொல்வதை மட்டும் செய்யுங்கள்.

1, 2ஆம் வாரம்: பாயில் காலை நீட்டி உட்காருங்கள். சுருட்டிய துவாயை முழங்காலுக்குக் கீழே வைத்து, அதை அமுக்குவது போலத் தொடையை இறுக்கி 5 எண்ணுங்கள். 10 தடவை. பிறகு மல்லாந்து படுத்து, நல்ல காலை மடித்துக்கொண்டு, நோவான காலை நேராக ஓர் அடி உயரம் தூக்கி மெதுவாக இறக்குங்கள். 10 தடவை. இப்படி ஒரு நாளைக்கு மூன்று சுற்று. சமதரையில் நடக்கலாம்.

3 முதல் 6ஆம் வாரம்: இஸ்தோப்புப் படியில் நோவான காலை வைத்து ஏறி, மெதுவாக இறங்குங்கள். சிரட்டை பெருவிரலுக்கு அடுத்த விரலின் நேருக்கு இருக்க வேண்டும், உள்பக்கம் சாயக் கூடாது. சுவரில் முதுகைச் சாய்த்து அரை உட்காரலாக 20 எண்ணுங்கள். குதிகாலை உயர்த்தி இறக்குங்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் போதும். சதை வளர்வது ஓய்வில்தான்.

7 முதல் 9ஆம் வாரம்: வீக்கம் இல்லை, அரை மணித்தியாலம் வேகமாக நடந்தாலும் வலி இல்லை, படிப் பயிற்சியில் இரண்டு காலும் ஒன்றுபோல இருக்கின்றன என்றால் மட்டும் ஓடத் தொடங்குங்கள். ஒரு நிமிடம் மெல்லோட்டம், இரண்டு நிமிடம் நடை. இப்படி எட்டுத் தடவை. வாரத்துக்கு மூன்று நாள்.

10 முதல் 12ஆம் வாரம்: நடையைக் குறைத்து ஓட்டத்தைக் கூட்டுங்கள். நேரம் பார்த்து ஓடுவதும் குதிப்பதும் கடைசியில்.

வலிக்கு ஓர் அளவுகோல் சொல்கிறோம். வலியே இல்லை என்றால் 0, தாங்கவே முடியாது என்றால் 10. பயிற்சியில் 3 வரை வரலாம். மறுநாள் காலையில் அது அடங்கியிருக்க வேண்டும். அடங்கவில்லை, வீக்கமும் இருக்கு என்றால் ஒரு வாரம் பின்னுக்குப் போங்கள்.

செய்யக்கூடாத இரண்டு

தேர்வு நாளில் வலி மாத்திரையோ ஊசியோ போட்டுக்கொண்டு ஓட வேண்டாம். வலி என்பது காவல்காரன். அவனைத் தூங்க வைத்துவிட்டு ஓடினால் உள்ளே கிழிவது தெரியாது. டைக்ளோபெனாக் போன்ற மாத்திரைகளைத் தொடர்ந்து விழுங்கினால் வயிற்றில் புண்ணும் சிறுநீரகத்துக்குக் கெடுதியும் வரலாம்.

வைத்தியப் பரிசோதனையில் பழைய அடியை மறைக்க வேண்டாம். ஓட்டத்தில் பாஸ் பண்ணுவதோடு வேலை முடிவதில்லை. அதற்குப் பிறகு மாதக்கணக்கில் பயிற்சி, அணிவகுப்பு, இரவுக் கடமை எல்லாம் இருக்கின்றன. அரைகுறையாக ஆறிய கால் அங்கே காட்டிக் கொடுத்துவிடும். அப்போது வேலையும் இல்லை, காலும் இல்லை என்றாகிவிடும்.

உயரம், வயது, ஓட்டத் தூரம், நேரம் எல்லாம் அறிவித்தலுக்கு அறிவித்தல் மாறலாம். பக்கத்து வீட்டார் சொன்னதை நம்பாமல் வர்த்தமானியையே வாசியுங்கள். அது வெள்ளிக்கிழமைகளில் தமிழிலும் வருகிறது. அதற்காகக் காத்திருந்துவிட்டுப் பயிற்சி தொடங்கினால் பன்னிரண்டு வாரம் கிடைக்காது. கால் நோவு உள்ளவர்கள் இன்றைக்கே தொடங்க வேண்டும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. "இந்தத் தடவை விட்டா அவ்வளவுதான்" என்று பிள்ளையை விரட்டாதீர்கள். வயது எல்லைக்குள் இருந்தால் அடுத்த அறிவித்தலுக்கும் விண்ணப்பிக்கலாம். முழங்கால் அறுபது வயது வரைக்கும் வேண்டும்.

விண்ணப்பம் நிரப்பவும் ஆஸ்பத்திரிக்குப் போக வழி கேட்கவும் தோட்ட நலன்புரி அலுவலகத்துக்கு வாருங்கள். நாங்கள் இருக்கிறோம்.