மேகச் சேமிப்பும் கணிப்பொறியின் வட்டிடமும்

கோப்புகளை மேகச் சேமிப்பில் இட்டால் கணிப்பொறியின் வட்டில் இடம் மிகும் எனப் பலர் கருதுகின்றனர். இஃது எப்பொழுதும் உண்மையன்று.

பழவங்காடியில் வசிப்பவர் ஒருவர், பாளையத்திலுள்ள மாநில மைய நூலகத்து நூலொன்றைப் படியெடுத்து வீட்டில் வைத்தால் அலமாரியில் இடம் அடைபடும். நூலின் பெயரையும் எண்ணையும் மட்டும் குறித்துக்கொண்டால் இடம் மிஞ்சும்; வேண்டும்பொழுது சென்று படிக்கலாம். ஒத்திசைவும் இவ்விரு வகைப்படும்.

முதல் வகையில் 10 கிகாபைட் கோப்புகள் மேகத்திலும் வட்டிலும் தனித்தனியே 10 கிகாபைட் இடங்கொள்ளும். இரண்டாம் வகையில் பெயர் மட்டுமே வட்டில் தோன்றும். திறக்கும்பொழுது இணையவழிக் கோப்பு வந்துசேரும். விண்டோஸ் கணிப்பொறியில் ஒன்டிரைவ் 2017 முதல் இவ்வசதியை அளிக்கிறது.

இதனைச் சோதித்தறிய, கோப்பின் 'பண்புகள்' பகுதியைத் திறந்து, அதன் அளவையும் வட்டில் அது கொள்ளும் அளவையும் ஒப்பிடுக. மேகத்தில் மட்டும் உள்ள கோப்பிற்குப் பின்னது சுழியாக இருக்கும்.

ஒன்று நினைவிற்கொள்க: 'இடத்தை விடுவி' என்னும் கட்டளை வட்டிலுள்ள படியை மட்டும் அகற்றும்; 'நீக்கு' என்பதோ மேகத்திலுள்ளதையும் சேர்த்தே அழிக்கும். கூகுள் டிரைவின் குப்பைத்தொட்டி 30 நாள்களே அதனைக் காக்கும். ஆதலின் களக் குறிப்புகளுக்கும் மதிப்பெண் பதிவேடுகளுக்கும் ஒத்திசைவில் சேராத தனிப்படி ஒன்று இன்றியமையாதது. இணைய வசதியற்ற ஊர்களுக்குச் செல்வோர் வேண்டிய கோப்புகளை முன்னரே வட்டில் இறக்கிக்கொள்ளுதல் நன்று.