காரின் பின்புறக் காமிரா: பொருத்தும் முறையும் பாதுகாப்பு நோக்கும்

பெங்களூரு மாநகரில் பதிவு பெற்ற வண்டிகளின் எண்ணிக்கை ஒரு கோடியைக் கடந்துவிட்டது. ஆனால் அவ்வண்டிகள் நின்று புறப்படும் இடமோ மிகக் குறுகியது. நகரின் விரிவாக்கக் குடியிருப்புகளில் 30 அடி அகலமும் 40 அடி நீளமும் கொண்ட மனைகள் மிகுதி. 20க்கு 30 அடி மனைகளும் ஏராளம். பசவனகுடி, மல்லேஸ்வரம் ஆகிய பழைய பகுதிகளோ 1898-ஆம் ஆண்டின் கொள்ளை நோய்க்குப் பின், மோட்டார் வண்டி பரவுவதற்கு முன்னரே வகுக்கப்பட்டவை. இத்தகைய வீடுகளின் கீழ்த்தளத்தில் நிறுத்தப்படும் கார், பல இடங்களில் பின்னோக்கி நகர்ந்தே தெருவுக்கு வர வேண்டியுள்ளது. வாயிற்கதவைத் தாண்டியதும் நடைபாதை. பள்ளிக்குச் செல்லும் சிறுவர்களும், பூ விற்போரும், முதியோரும் அந்நேரத்தில் அவ்வழியே நடக்கின்றனர். இந்நிலையில், பழைய காரில் பின்புறக் காமிரா பொருத்துவதை வெறும் அலங்காரச் செலவாகக் கருத இயலாது. அது ஒரு பாதுகாப்பு ஏற்பாடு. அதன் பயன் பொருத்தும் முறையைப் பொறுத்தது.

கண்ணாடிக்கு எட்டாத பகுதி

காரின் உட்புறக் கண்ணாடி, பின் சன்னலின் கீழ்விளிம்புக்கு மேலே உள்ளவற்றை மட்டுமே காட்டும். பக்கக் கண்ணாடிகள் வண்டியின் இரு ஓரங்களையே காட்டும். எனவே பம்பருக்குப் பின்னால் தரையை ஒட்டிய பகுதி, எந்தக் கண்ணாடியிலும் படாமல் மறைந்துவிடுகிறது. நிற்கும் பெரியவர் தென்படக்கூடும். தவழும் குழந்தை தென்படாது.

2002-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், கேமரன் குல்பிரான்சன் என்ற இரண்டு வயதுக் குழந்தை, தன் வீட்டு முற்றத்திலேயே தந்தை பின்னோக்கிச் செலுத்திய வண்டியில் சிக்கி உயிரிழந்தது. தந்தை ஒரு குழந்தை மருத்துவர். அக்குழந்தையின் பெயரால் அமைந்த சட்டத்தில் 2008 பிப்ரவரியில் அந்நாட்டுக் குடியரசுத் தலைவர் கையொப்பமிட்டார். அதன்படி வகுக்கப்பட்ட விதிகள், 2018 மே 1 முதல் தயாராகும் இலகுரக வண்டிகள் யாவற்றிலும் பின்புறக் காட்சியமைப்பைக் கட்டாயமாக்கின. பின்னோக்கிச் செல்லும் வண்டிகளால் அங்கு ஆண்டுக்குச் சராசரியாக 210 பேர் இறப்பதாகவும், அவர்களில் 31 விழுக்காட்டினர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் என்றும், 26 விழுக்காட்டினர் 70 வயதைக் கடந்தோர் என்றும் 2014-ல் அந்நாட்டு நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் மதிப்பிட்டது.

இந்தியாவில் 2019 ஜூலை 1 முதல் தயாராகும் பயணிக் கார்களில் பின்னோக்கு எச்சரிக்கை அமைப்பு கட்டாயமாயிற்று. விலை குறைந்த கார்கள் பலவற்றில் இது ஒலியலைச் சென்சாரோடு நின்றுவிட்டது. சென்சார் சுவரையும் தூணையும் நன்கு உணரும். ஆனால் சிறு குழந்தையை எல்லா நேரத்திலும் தவறாமல் உணரும் என்று சொல்வதற்கில்லை. 2019-க்கு முற்பட்ட கார்கள் பலவற்றில் இவ்வசதியும் இல்லை. ஆகவே பின்னர் வாங்கிப் பொருத்தும் காமிராவுக்குத் தேவை தொடர்கிறது. பெங்களூருவில் ஜே.சி. சாலைக் கடைகள் கார் உதிரிப் பொருள்களுக்கும் துணைக்கருவிகளுக்கும் பெயர் பெற்றவை.

கருவியின் அமைப்பு

இவ்வமைப்பில் மூன்று உறுப்புகள் உள்ளன: பின்புறத்தில் காமிரா, முன்புறத்தில் திரை, இரண்டையும் இணைக்கும் கேபிள். ரிவர்ஸ் கியர் போட்டவுடன் எரியும் வெள்ளை விளக்கின் மின்னோட்டமே காமிராவை இயக்குகிறது. அதே மின்னோட்டம் தனி ஒயர் வழியே திரைக்கும் சென்று, பாட்டு அல்லது வரைபடம் காட்டிக்கொண்டிருக்கும் திரையைக் காமிராக் காட்சிக்கு மாற்றுகிறது. 21 வாட் ரிவர்ஸ் பல்பு 12 வோல்ட்டில் ஏறத்தாழ 1.75 ஆம்பியர் மின்சாரத்தை எடுக்கும். காமிராவின் தேவை அதில் ஒரு சிறு பங்கே.

வாங்கும்போது இரண்டு செய்திகளைக் கவனித்தல் வேண்டும். முதலாவது, காட்சி முறை. நொடிக்கு 25 படங்கள் தரும் பால் முறைக் காமிராவை, ஏறத்தாழ 30 படங்கள் தரும் என்.டி.எஸ்.சி. முறைக்கு மட்டும் அமைந்த திரையோடு இணைத்தால் காட்சி சரிவர அமையாது. இரண்டாவது, நீர்த்தடுப்பு. ஐ.பி. 67 என்னும் தரக்குறியீடு, தூசி புகாமையையும், ஒரு மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம் தாங்கும் திறனையும் குறிக்கும். மழைக்காலத்தில் சக்கரங்கள் வாரியடிக்கும் சேற்று நீருக்கு இத்தரம் இன்றியமையாதது.

பொருத்தும் முறை

வேலையைத் தொடங்குமுன் பாட்டரியின் எதிர்முனை ஒயரைக் கழற்றிவிட வேண்டும். காமிராவை இயன்றவரை வண்டியின் நடுக்கோட்டில், எண் பலகைக்கு மேலே அமைப்பது நலம். தகட்டில் துளையிட நேர்ந்தால், துளையின் விளிம்பில் துருத்தடுப்புப் பூச்சிட்டு ரப்பர் வளையம் பொருத்த வேண்டும். இவ்விரண்டையும் விட்டால் விளிம்பு துருப்பிடிப்பதோடு, கூர்மையான தகடு நாளடைவில் ஒயரின் உறையை அறுத்துவிடும்.

அடுத்தது கேபிள். பின்கதவுக்கும் உடற்கூட்டுக்கும் இடையே ஏற்கனவே உள்ள ரப்பர் குழாய் வழியாகவே அதைக் கொண்டுசெல்ல வேண்டும். கதவு முழுதும் திறக்கும்போது இழுபடாதபடி சிறிது தளர்வு விட வேண்டும். பின்னர் கதவோரப் பட்டைகளின் அடியில் முன்புறம் வரை நடத்தலாம். இருக்கைப் பட்டை சுருளும் இடத்தையும் காற்றுப்பைகளின் ஒயர்களையும் தொடலாகாது. காற்றுப்பை ஒயர்கள் பெரும்பாலும் மஞ்சள் உறையில் இருக்கும்.

மின்னிணைப்புக்கு முன், ரிவர்ஸ் விளக்கின் ஒயர் எது என்பதைச் சோதனை விளக்கால் கண்டறிதல் வேண்டும். இதற்காகப் பாட்டரியை மீண்டும் இணைத்து, கைத்தடையை இழுத்துவிட்டு, எஞ்சினை இயக்காமல் சாவியை மட்டும் திருப்பி ரிவர்ஸ் கியர் போட்டால் அந்த ஒயரில் மின்சாரம் வரும். பின் பாட்டரியை மறுபடி கழற்றிவிட்டு, இணைப்புக்கு அருகிலேயே ஒரு ஆம்பியர் ஃப்யூஸ் வைக்க வேண்டும். எர்த் ஒயரை, வண்ணப்பூச்சு அகற்றப்பட்ட தூய உலோகத்தில் இறுக்குதல் அவசியம்; காட்சியில் கோடுகள் ஓடுவதற்குத் தளர்ந்த எர்த் இணைப்பும் ஒரு காரணம். அண்மைக் கால கார்கள் சிலவற்றில் உள்ள கணினி, விளக்குகளுக்கு மின்சாரத்தைத் துடிப்புகளாக அனுப்புகிறது. அவற்றில் காட்சி சிமிட்டினால் ரிலே அல்லது வடிகட்டி சேர்க்க வேண்டும்.

எண் பலகையும் விதிகளும்

வண்டியின் பதிவு விவரங்களுக்கு முரணான மாற்றங்களை மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆம் பிரிவு தடை செய்கிறது. காமிரா பொருத்துவதால் அவ்விவரங்கள் மாறுவதில்லை. ஆயினும் இரண்டு இடங்களில் கவனம் தேவை. 2019 ஏப்ரல் 1-க்கு முன் பதிவான வண்டிகளும் உயர் பாதுகாப்பு எண் பலகை பொருத்த வேண்டும் எனக் கர்நாடக அரசு 2023 ஆகஸ்டில் ஆணையிட்டது. கழற்றி மீண்டும் பயன்படுத்த இயலாத பூட்டால் இப்பலகை இறுக்கப்படுகிறது. ஆதலால் எண் பலகையை எடுத்துவிட்டு அதன் பின்னே சட்டம் செருகும் பழைய வழக்கம் இனிப் பொருந்தாது. காமிரா எந்த எழுத்தையும் மறைக்கவும் கூடாது.

மேலும், பின்பலகையின் எண் இரவில் 15 மீட்டர் தொலைவிலிருந்து படிக்கும்படி வெள்ளொளி பெற வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதி. எண் பலகை விளக்கின் இடத்தில் அமையும் காமிராவை வாங்குவோர், அவ்வொளி குறையாதிருப்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சோதித்தறிதல்

பல கடைகளில் திரையில் படம் தெரிந்ததும் வேலை முடிந்ததாகக் கருதப்படுகிறது. உண்மையில் அப்போதுதான் முக்கியமான கட்டம் தொடங்குகிறது. முதலில், இடவலம் சரிபார்க்க வேண்டும். ஓட்டுநரின் இடப்பக்கமாகப் பின்னால் நிற்பவர், திரையிலும் இடப்பக்கமே தோன்ற வேண்டும். மாறித் தோன்றினால், திரையின் அமைப்பிலோ காமிராவின் ஒயர் வளையத்திலோ அதைத் திருத்தலாம். திருத்தாமல் விட்டால், ஓட்டுநர் ஆளை விலக்குவதாக எண்ணி அவர் மீதே திருப்பக்கூடும்.

இரண்டாவதாக, சமதளத்தில் பம்பரிலிருந்து 1, 2, 3 மீட்டர் தொலைவுகளில் சுண்ணாம்புக் கோடுகள் இட்டு, திரையின் வண்ணக் கோடுகளோடு ஒப்பிட வேண்டும். அகன்ற காட்சி தரும் வில்லை, பொருள்களை உண்மையைவிடத் தொலைவில் இருப்பதாகக் காட்டும் இயல்புடையது.

மூன்றாவது சோதனையே தலையாயது. அமெரிக்க விதி, வண்டியின் பின்னால் 10 அடி அகலமும் 20 அடி நீளமும் உள்ள பரப்பு திரையில் தெரிய வேண்டும் என்கிறது. சோதனைக்கு அது வைக்கும் உருளையின் உயரம் 32 அங்குலம். ஏறக்குறைய நடை பழகும் குழந்தையின் உயரம். இச்சோதனையைச் செய்ய ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. அதே உயரமுள்ள ஒரு முக்காலியையோ, அடுக்கிய வாளிகளையோ அப்பரப்பின் மூலைகளில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தால் போதும். எங்காவது அது மறைந்தால் காமிராவின் கோணத்தை மாற்ற வேண்டும்.

நான்காவது, காலம். ரிவர்ஸ் கியர் போட்ட இரண்டு நொடிகளுக்குள் காட்சி தோன்ற வேண்டும் என்பது அவ்விதியின் மற்றொரு கூறு. சந்தையில் கிடைக்கும் சில திரைகள், வண்டியைக் கிளப்பியவுடன் விழித்தெழ அதனினும் மிகுந்த நேரம் எடுத்துக்கொள்கின்றன. காலையில் வீட்டு வாயிலில் வண்டி முதல் முறை பின்னோக்கி நகரும் கணமே ஆபத்து மிகுந்தது. அக்கணத்தில் திரை இருண்டிருந்தால் காமிராவால் பயனில்லை. படம் தோன்றும்வரை வண்டியை நகர்த்தாதிருப்பதே இதற்கு வழி.

ஓட்டுநரும் தொழிலாளியும்

காமிரா கண்ணாடிகளுக்குத் துணையேயன்றி மாற்று அன்று. அது பின்புறத்தைக் காட்டும். பக்கவாட்டிலிருந்து ஓடிவரும் சிறுவனை முன்கூட்டிக் காட்டாது. வில்லையில் சேறு படிந்தால் எதையும் காட்டாது. எனவே வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்தல், வில்லையைத் துடைத்தல், குழந்தைகள் எங்குள்ளனர் என வீட்டாரிடம் கேட்டறிதல் ஆகிய பழக்கங்கள் காமிரா வந்த பின்னும் தொடர வேண்டும்.

இப்பணியைச் செய்வோரில் பலர் தொழிலைக் கடையிலேயே கற்றவர்கள். அவர்களுடைய கைத்திறனில் குறையில்லை. இறுதிச் சோதனை முறைகளே அவர்களைச் சென்றடைய வேண்டும். தொழிற்பயிற்சி நிலையங்களின் மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவில் இதனை ஒரு செய்முறைப் பாடமாகச் சேர்க்கலாம். ஃப்யூஸ், எர்த், இடவலம், 32 அங்குலச் சோதனை, காட்சி தோன்றும் நேரம் ஆகிய ஐந்தும் அடங்கிய சிறு பட்டியலை, வண்டியை ஒப்படைக்கும்போது கடைக்காரர் நிரப்பித் தரும் வழக்கத்தைப் போக்குவரத்துத் துறையினர் ஊக்குவிக்கலாம். இதற்கு ஒரு தாளும் அரை மணி நேரமும் போதும். வாயிற்கதவுக்கு வெளியே நடந்து செல்லும் குழந்தையின் உயிரோடு ஒப்பிடுகையில், அச்செலவு பொருட்படுத்தத் தக்கதன்று.