பொண்ணு கேட்கிற நாடகம் போடும் பிள்ளைகளுக்கு

திருவிழாவுக்கு அன்ரன் செக்கோவின் பொண்ணு கேட்கிற நாடகத்தைப் போடப் போவதாகச் சொன்னீர்கள். பலாங்கொடைப் பக்கத்துத் தோட்டங்களில் நாற்பது வருஷம் வேஷம் கட்டினவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

1. ருஷ்யாக்காரர் என்று கூச வேண்டாம். 1888இல் இதை எழுதிய மனுஷன், 1890 நவம்பரில் சகலினிலிருந்து திரும்பும் வழியில் கொழும்பில் இறங்கிக் கண்டிக்கும் போனார். ஊருக்குக் கீரிப்பிள்ளை வேறு வாங்கிப் போனார். நம் பக்கம் வரவில்லை, அது அவர் நஷ்டம்.

2. லோமோவ் பக்கத்துப் பண்ணைக்குப் பெண் கேட்க வருகிறான். விஷயத்தைச் சொல்லுமுன்னே ஒரு புல்வெளி யாருடையது என்று பெண்ணோடு சண்டை. அது ஆறினதும் யார் நாய் உசத்தி என்று இன்னொரு சண்டை. புல்வெளியை நீங்கள் வயலாக்கியிருக்கிறீர்கள். லயத்துக்காரனுக்கு ஏது வயல்? பீலிக்குப் பக்கத்தில், இரண்டு காம்பராக்காரரும் மரவள்ளி நடுகிற துண்டை வையுங்கள். "எங்க தாத்தா மம்பட்டி போட்ட இடம்" என்று அவன் சொல்லட்டும். "எங்க அப்பாயி கல்லு பொறுக்கின இடம்" என்று அவள் சொல்லட்டும். ருஷ்யாவில் இருவரும் நிலச்சொந்தக்காரர்கள். இங்கே அந்தத் துண்டு இருவருக்குமே சொந்தமில்லை. 1972, 1975 சட்டங்களில் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தது, 1992இல் நிர்வாகம் கம்பெனிகளிடம் போனது, காணி உறுதி நம் கைக்கு எப்போது வந்தது? இதை யாரும் வசனமாகச் சொல்லக் கூடாது. சண்டை உச்சத்தில் இருக்கும்போது துரை இஸ்தோப்பைத் தாண்டி நடந்து போகட்டும். அவன், அவள், அவள் தகப்பன் மூன்று பேரும் வாயை மூடிச் சலாம் வைக்கட்டும். அவர் தலை மறைந்ததும் விட்ட இடத்தில் தொடங்கட்டும். அந்த வேஷத்துக்குத் தொப்பி மட்டும் போதும்.

3. லோமோவ் தனியாளாய் வருகிறான். நம்மில் தாய்மாமனும் வெற்றிலைத் தட்டும் இல்லாமல் பொண்ணு கேட்டு வருகிறவன் எவன்? இதை மறைக்காதீர்கள், சிரிப்பாக்குங்கள். அவனைக் கண்டதும் கடன் கேட்க வந்திருக்கிறான் என்றுதான் தகப்பன் நினைக்கிறார். இது செக்கோவே வைத்தது.

4. மாப்பிள்ளைக்கு நெஞ்சு படபடக்கும், கால் மரத்துப்போகும். எழுதினவர் டாக்டர். கோமாளிச் சேட்டை வேண்டாம், நிஜமாகவே செத்துவிடுவோம் என்று அவன் பயப்பட வேண்டும். தண்ணீர்ச் செம்பு கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

5. பெண் வேஷத்துக்குப் பெண்பிள்ளையே நிற்கட்டும். காமன் கூத்தில் ரதிக்கு ஆம்பிளைகள்தான் சேலை கட்டினோம். நானும் கட்டினேன், நடை வந்தது, கோபம் வரவில்லை. அவன் எதற்கு வந்தான் என்பது, அவனை விரட்டின பிறகுதான் அவளுக்குத் தெரிகிறது. "ஐயோ, கூப்பிடுங்கப்பா அவர!" என்று அவள் அலறுகிற இடம் நாடகத்தின் உயிர். மற்றதை விட்டாலும் அதை ஐம்பது தடவை ஒத்திகை பாருங்கள்.

6. தகரத்தில் மழை விழுந்தால் இரத்தினபுரி மழையோடு கத்திப் போட்டி போடாதீர்கள். நிறுத்தி, விட்டதும் தொடருங்கள்.

7. முடிவில் சீதனம் ஒழிக என்று யாரும் மைக் பிடிக்க வேண்டாம். தகப்பன் கையைப் பிடித்துக் கொடுத்த பிறகும் நாய்ச் சண்டை ஓயவில்லை. அந்தச் சத்தத்திலேயே திரையை இழுங்கள்.

8. நிஜ நாயைக் கொண்டு வராதீர்கள். நாங்கள் ஒருமுறை கட்டிவைத்தோம். தப்புச் சத்தத்தில் மிரண்டு, கயிற்றை அறுத்து, தகப்பன் வேஷக்காரனின் வேட்டியோடு ஓடிவிட்டது. செக்கோவின் நாடகத்தில் இரண்டு நாயும் மேடைக்கு வருவதே இல்லை.