மீண்டும் காண விழையும் துறை

திருச்சிராப்பள்ளிக்கு வடகிழக்கே, கொள்ளிடத்தின் வடபால் அமைந்துள்ள ஊர் லால்குடி. இவ்வூரின் பழம்பெயர் திருத்தவத்துறை என்பதாகும். முனிவர் எழுவர் தவம் செய்து வழிபட்ட இடம் என்பது தலவரலாறு. ஆதலின், அங்குக் கோயில் கொண்ட இறைவனுக்குச் சப்தரிஷீசுவரர் என்னும் திருப்பெயர் வழங்குகிறது.

இப்பெயரிலுள்ள 'துறை' என்னும் சொல் எண்ணத்தக்கது. ஆற்றில் இறங்கி நீராடும் இடமும் துறை. ஓடம் வந்து நிற்கும் இடமும் துறை. கடலிற் சென்ற கப்பல் வந்து அடையும் இடமும் துறையே. ஒருவர் ஒருமுறை இறங்கிச் சென்றதனால் மட்டும் ஓரிடம் துறையாகிவிடாது. மக்கள் மீண்டும் மீண்டும் வந்து இறங்குவதனாலேயே அப்பெயர் நிலைபெறுகிறது. ஆடித் திங்கள் பதினெட்டாம் நாளில் திருவரங்கத்து அம்மா மண்டபப் படித்துறைக்கு வருவோரை நோக்குங்கள். 'சென்ற ஆண்டே கண்டுவிட்டோம். இவ்வாண்டு வேண்டா' என்று அவர்களுள் எவரும் கூறுவதில்லை.

கடல்வழியே ஊர் காணச் செல்லும் பயணிகளோ அவ்வாறு கருதுவதில்லை. ஒரே பயணத்தில் ஐந்தாறு துறைகளைக் கண்டு வீடு திரும்பியவுடன், 'இன்ன துறைக்கு மறுமுறையும் செல்வேன்; இன்ன துறைக்கு இனி ஒருநாளும் செல்லேன்' என்று தீர்ப்பளிக்கத் தொடங்கிவிடுகின்றனர். இத்தீர்ப்புகள் எவ்வாறு பிறக்கின்றன? அவை நேர்மையானவைதாமா? இவற்றை ஈண்டு ஆராய்வோம்.

முன்னாளில் நம் நாட்டவர் கடல் கடந்தது பெரும்பாலும் பிழைப்பின் பொருட்டேயாம். 1926-ஆம் ஆண்டில் கட்டப்பெற்ற 'ரஜூலா' என்னும் கப்பல் சென்னை, நாகப்பட்டினம் ஆகிய துறைகளிலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் 1970-களின் தொடக்கம் வரையில் ஓடிவந்தது. அறைகளில் இடம் பெறப் பொருளில்லாதவர் கப்பலின் தளத்திலேயே பாய் விரித்துப் படுத்து, பல நாள் கடலைக் கடந்து சென்றனர். வணிகராகச் சென்றோர், அலுவலராகச் சென்றோர், தோட்டத் தொழிலாளராகச் சென்றோர் எனப் பல திறத்தார் அவர்களுள் இருந்தனர். தோட்டங்களுக்குச் சென்றோர் பட்ட துன்பம் பெரிது; அவர்களிற் பலர்க்குத் தாயகம் மீளுதலே அரிதாயிற்று.

எனினும், போக்குவரவு உடையோர்க்குப் பினாங்கு நாளடைவில் அயலூராக இராது மற்றொரு சொந்த ஊராகவே ஆயிற்று. அந்நகரின் குயின் தெருவில் 1833-ஆம் ஆண்டிலேயே மாரியம்மனுக்குக் கோயில் எழுந்தது. பினாங்கை மறுமுறை காணலாமா என்னும் கேள்வியே அவர்களுக்கு எழவில்லை. உறவும் தொழிலும் வழிபாடும் அவர்களை அத்துறையோடு பிணைத்திருந்தன. அதே பினாங்கின் சுவெட்டன்ஹாம் துறைக்கு இந்நாளில் உல்லாசக் கப்பல்கள் வந்து நிற்கின்றன. கப்பலை விட்டு இறங்கிச் சிறிது தொலைவு நடந்தால், 2008-ஆம் ஆண்டில் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பெற்ற ஜார்ஜ் டவுன் நகரின் பழைய தெருக்களை அடைந்துவிடலாம்.

நிற்க. உல்லாசக் கப்பல் என்பது பண்டைப் பயணக் கப்பலினின்று வேறுபட்டது. அது மிதக்கும் விடுதி எனத் தகும். உணவுக்கூடம், ஆடலரங்கு, நீச்சற்குளம் முதலிய யாவும் அதனுள்ளே உண்டு. 2024-ஆம் ஆண்டில் முதற்பயணம் புறப்பட்ட 'ஐகான் ஆஃப் தி சீஸ்' என்னும் பெருங்கப்பல் 7,000-க்கும் மேற்பட்ட பயணிகளை ஏற்றிச் செல்லவல்லது. இத்தகைய கப்பல்கள் பெரும்பாலும் இரவிற் கடலிற் செல்லும். விடியற்காலையில் ஒரு துறையை அடையும். மாலையில் அதனை விட்டு நீங்கும். ஆகவே, பயணி ஒருவனுக்கு ஓர் ஊரைக் காண்பதற்குக் கிடைப்பது ஏறத்தாழ ஒரு பகற்பொழுதேயாகும்.

பயணிகள் ஒரு துறையை வெறுத்துப் பேசுவதற்கு முதற்காரணம் இக்காலக் குறைவே. கப்பல் நிற்கும் இடமும் காணவேண்டிய ஊரும் பலவிடங்களில் ஒன்றாக இருப்பதில்லை. உரோமாபுரியைக் காண விரும்புவோர் சிவிதாவெக்கியா என்னும் துறையில் இறங்குதல் வேண்டும். அங்கிருந்து உரோமாபுரி 70 அல்லது 80 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. போக்கும் வரவுமாகப் பல மணி நேரம் கழிந்தபின், ஈராயிரம் ஆண்டுப் பழமையுடைய நகரத்திற்கு எஞ்சுவது சில மணி நேரமே. அவ்வாறு சென்று வந்தவர், 'உரோமாபுரியில் யாதும் இல்லை. கூட்டமும் வெயிலுமே உள்ளன' என்று கூறுவாராயின், அது அந்நகரின் குற்றம் ஆகுமா?

நம் நாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். சென்னைத் துறைமுகத்தில் ஒரு பகல் தங்கும் கப்பலில் வருவோர், விரைந்து சென்றால் மாமல்லபுரத்தைக் கண்டு மீளலாம். திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையும் திருவரங்கமும் சென்னைக்கு 300 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ளன. ஏழு மதில்கள் சூழ்ந்த அரங்கன் கோயிலையும், கல்லணையையும், காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடைப்பட்ட பசுமையையும் காணாமலே, 'தமிழகத்தைக் கண்டுவிட்டேன். மறுமுறை காணவேண்டிய தேவை இல்லை' என்று ஒருவர் தம் நாட்டில் எழுதுவாராயின், நாம் என் சொல்வோம்? நகைத்து விடுவோம், அன்றேல் வருந்துவோம். பிற நாட்டவரும் நம் தீர்ப்புகளைக் கேட்டு அவ்வாறே வருந்துவர் என்பதை மறத்தல் ஆகாது.

இரண்டாவது காரணம் கடலின் இயல்பு. சில துறைகளில் பெரிய கப்பல் கரையை அணைவதற்கேற்ற ஆழம் இராது. கப்பல் சற்றுத் தொலைவில் நங்கூரமிட்டு நிற்க, பயணிகள் சிறு படகுகளிற் கரை சேர்தல் வேண்டும். காற்றும் அலையும் மிகுந்த நாளில் அதுவும் இயலாது போகும். அந்நாளில் கப்பல் அத்துறையை விடுத்து அடுத்த துறைக்குச் சென்றுவிடும். கரையைக் கண்ணாற் கண்டும் காலால் மிதியாது திரும்பியவர் மனம் கசத்தல் இயல்பே. இதனையும் ஊரின் மேற் குறையாகச் சாற்றுதல் பொருந்தாது.

மூன்றாவது காரணமே இவற்றுள் பெரிது. அது கூட்டம். 'ஊரைக் காண வந்தோம்; எம்மைப் போன்ற பயணிகளையே கண்டோம்' என்று குறைகூறுவோர் பலர். அக்கூட்டத்திற் தாமும் ஒருவர் என்பதை அவர்கள் எண்ணுவதில்லை.

இந்நிலையில், இதுகாறும் பயணிகள் மட்டுமே கேட்டுவந்த கேள்வியைத் துறைகளும் கேட்கத் தொடங்கியுள்ளன. 'யாம் மீண்டும் அங்குச் செல்வோமா?' என்பது பயணியின் கேள்வி. 'இவர்கள் மீண்டும் இங்கு வரலாமா?' என்பது ஊராரின் கேள்வி.

இத்தாலியிலுள்ள வெனிஸ் நகரம் நீர்மேல் எழுந்த நகரம். அதன் கால்வாய் வழியே மாடமாளிகைகளினும் உயர்ந்த கப்பல்கள் சென்றுவந்தன. 2019-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் பெருங்கப்பலொன்று கட்டுப்பாடிழந்து கரையிலும் ஒரு சிறு சுற்றுலாக் கப்பலிலும் மோதியது, சிலர் காயமுற்றனர். நகரின் அடித்தளம் சிதையுமோ என்று அஞ்சியிருந்த மக்களின் குரல் வலுத்தது. முடிவில், 25,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் நகரின் நடுக்கால்வாயில் நுழைதல் 2021 ஆகஸ்டு முதல் தடைசெய்யப்பட்டது. குரோஷியா நாட்டின் துப்ரோவ்னிக் நகரம் மதில் சூழ்ந்த பழம்பதி. அங்கு நாளொன்றுக்கு இரண்டு கப்பல்களே வருதல் வேண்டும் என 2019-இல் வரையறை செய்யப்பட்டது. அலாஸ்காவிலுள்ள ஜூனோ நகரின் மக்கள்தொகை ஏறத்தாழ 32,000. 2023-ஆம் ஆண்டில் மட்டும் அங்குக் கப்பலில் வந்த பயணிகள் 16 லட்சத்திற்கு மேற்பட்டவர். ஆதலின், நாளொன்றுக்குப் பெருங்கப்பல்கள் ஐந்தே என்னும் வரையறை 2024 முதல் அங்கு நடைமுறைக்கு வந்தது.

நம் அருகிலும் இத்தகைய நிகழ்ச்சி உண்டு. 2022-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் சென்னையிலிருந்து உல்லாசக் கப்பற்பயணம் தொடங்கியபோது, புதுச்சேரியில் அக்கப்பலுக்கு இசைவு கிடைக்கவில்லை. ஊரின் பண்பாட்டிற்குக் கேடு வருமோ என்னும் எதிர்ப்பு அங்கு எழுந்திருந்தது.

ஆயினும், கப்பல்கள் வருதலே தீது என்று முடிவு கட்டுதலும் தவறாகும். 2020-ஆம் ஆண்டில் கொரோனா நோய் பரவியபோது உலகெங்கும் உல்லாசக் கப்பல்கள் நின்றன. அப்போது துறைமுகத் தெருக்களில் கடை வைத்திருந்தோரும், வண்டி ஓட்டியோரும், வழிகாட்டிகளும் வருவாயின்றி வாடினர். விருந்தினரே வாரா வீடும் விளங்காது. அளவின்றி வந்தோரைத் தாங்கும் வீடும் நிலைக்காது. வேண்டுவது அளவேயாம்.

அளவறிந்து விருந்தேற்கும் இடங்களும் உலகில் உண்டு. பசிபிக் பெருங்கடலிலுள்ள கலாபகஸ் தீவுகளில், அரிய ஆமைகளையும் பறவைகளையும் காக்கும்பொருட்டு, 100 பயணிகளுக்கு மேல் ஏற்றிய சுற்றுலாக் கப்பல்களுக்கு இடமளிப்பதில்லை. தென்முனைக் கண்டமாகிய அண்டார்க்டிகாவில், ஓரிடத்தில் ஒரே நேரத்தில் 100 பேருக்கு மேல் கரையிறங்குதல் கூடாது. 500-க்கு மேற்பட்ட பயணிகள் உள்ள கப்பலிலிருந்து எவரும் இறங்கவே கூடாது. இத்தனை கட்டுப்பாடுகள் இருப்பினும், அவ்விடங்களைக் காணும் விருப்பம் மக்களிடம் குறையவில்லை. இன்று அவை கெடாமல் இருத்தலாற்றான், நாளை மீண்டும் காண்பதற்கு அங்கு ஏதேனும் எஞ்சியிருக்கும்.

மீண்டும் காணுதல் என்பது எத்துணை அரிய பேறு என்பதை நம் கடற்கரை வரலாறே நமக்கு உணர்த்துகிறது. 1914-ஆம் ஆண்டு முதல் தனுஷ்கோடியிலிருந்து இலங்கையின் தலைமன்னாருக்குக் கப்பல் சென்றது. சென்னையில் ரயிலேறித் திருச்சிராப்பள்ளி வழியாகத் தனுஷ்கோடியை அடைந்து, அங்குக் கப்பலேறியோர் பல்லாயிரவர். 1964-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்துப் புயல் ஓரிரவில் அத்துறையை அழித்தது. 'பிறகு ஒருமுறை வந்து நன்றாகக் காண்போம்' என்று எண்ணிச் சென்றோர்க்கு அவ்வாய்ப்பு மீண்டும் கிட்டவே இல்லை.

மூடிய துறை மீண்டும் திறந்ததும் உண்டு. யாழ்ப்பாணத்திற்கு வடக்கே உள்ள காங்கேசன்துறையும் பெயரிலேயே துறையை உடையது. மாவிட்டபுரத்துக் கோயிலுக்குரிய முருகன் திருவுருவம் வந்து இறங்கிய இடமாதலின் அப்பெயர் வந்தது என்பது மரபு. உள்நாட்டுப் போரினால் நெடுங்காலம் அப்பகுதி மக்கள் தம் வீடுகளுக்கே திரும்ப இயலாதிருந்தனர். 2023-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் சென்னையிலிருந்து சென்ற உல்லாசக் கப்பல் அங்குப் பயணிகளை இறக்கியது. அவ்வாண்டு அக்டோபர் 14-ஆம் நாள் நாகப்பட்டினத்திலிருந்து பயணிகள் கப்பலும் புறப்பட்டது. பருவமழையினால் சில நாட்களில் அது நின்றுவிட்டது. 2024 ஆகஸ்டு 16 அன்று மீண்டும் தொடங்கிற்று. இடைப்பட்ட கடல் ஏறத்தாழ 110 கிலோமீட்டரே.

அங்கு இறங்குவோர் காணத்தக்கவை பல. கடலோரத்தில் நன்னீர் சுரக்கும் கீரிமலை ஊற்று ஒன்று. நல்லூர்க் கந்தசாமி கோயில் மற்றொன்று. 1981-இல் எரிந்து சாம்பலாகிப் பின்னர் மீண்டும் எழுந்த யாழ்ப்பாண நூலகம் பிறிதொன்று. கட்டடத்தை மட்டும் பார்த்துப் படம் பிடித்துத் திரும்புவோர்க்கு அந்நூலகம் வெண்ணிறச் சுவரே. அவ்வூராரோடு இரண்டொரு சொல் பேசி, அவர் இழந்ததும் பெற்றதும் யாவை எனக் கேட்டறிந்தோர்க்கோ, அது மீண்டும் காண விழையும் இடமாகும்.

இதனால் நாம் அறிவது யாது? ஒரு துறை மீண்டும் காணத் தக்கதா என்பதனை அத்துறையின் அழகு மட்டும் முடிவு செய்வதில்லை. அங்கு நாம் நடந்துகொண்ட முறையும் முடிவு செய்கிறது. செல்லுமுன் அவ்வூரின் வரலாற்றைச் சிறிதேனும் கற்றல் வேண்டும். பல துறைகளை ஓடிக் காண்பதினும் சிலவற்றை நின்று காணுதல் நன்று. கப்பலிலேயே உண்டு கப்பலிலேயே பொருள் வாங்காமல், ஊரார் கடையிலும் சிறிது செலவிடுதல் வேண்டும். கோயிலாயினும் மசூதியாயினும் தேவாலயமாயினும் அவ்விடத்து ஒழுங்கைப் பேணுதல் வேண்டும். கப்பலிலிருந்து பிளாஸ்டிக் பொருள்களைக் கடலில் எறிதல் உலகச் சட்டத்தால் விலக்கப்பட்டது. கரையில் எறிதலும் அதனினும் குறைந்த குற்றமன்று.

மாணவர்களே! உங்களுள் பலர் இன்னும் கப்பலேறியிருக்கமாட்டீர்கள். எனினும், நீங்கள் அனைவரும் ஏதேனும் ஒரு துறைக்கு உரியவர்களே. காவிரிப் படித்துறைக்கும் கொள்ளிடக் கரைக்கும் எங்கெங்கிருந்தோ விருந்தினர் வருகின்றனர். அவர்கள் வழி கேட்கும்போது நீங்கள் கூறும் விடையும், அவர்கள் இறங்கும் படியின் தூய்மையும், அவர்கள் மீண்டும் வருவதற்குக் காரணமாகலாம், வாராமைக்கும் காரணமாகலாம். வந்தவர், 'இனி ஒருமுறை வருவோம்' என்று மனநிறைவோடு செல்ல, ஊரார், 'மறவாது வருக' என்று மனமார விடைகொடுக்கும் இடமே உண்மையில் நல்ல துறையாகும்.