தெப்ராவிலிருந்து புக்கிட் புத்துஸ்: ஒரு நாள் சைக்கிள், ஒரு நாள் நடை

தெப்ராவில் வசித்துக்கொண்டு மலைச்சாலையில் சைக்கிள் ஓட்ட ஆசைப்படுகிறீர்களா? மவுண்ட் ஆஸ்டின், ஜொகூர் ஜெயா, உலு திராம் என்று எந்தப் பக்கம் மிதித்தாலும் சிறு மேடுகளும் மேம்பாலங்களும்தான் நமக்குக் கிடைக்கும் ஏற்றங்கள். தித்திவங்சா மலைத்தொடர் ஜொகூருக்கு வந்து சேரும் முன்பே தாழ்ந்துவிடுகிறது. ஒரு மலையில் ஏறி, அதைக் கடந்து, மறுபக்கம் வேறொரு பள்ளத்தாக்கில் இறங்க வேண்டுமானால் வடக்கே போயாக வேண்டும். ஒரு வார இறுதிக்குள் போய்த் திரும்ப ஏற்ற இடம், நெகிரி செம்பிலானில் சிரம்பானுக்கும் கோலப்பிலாவுக்கும் நடுவிலுள்ள புக்கிட் புத்துஸ் கணவாய்.

ஏன் இந்தக் கணவாய்?

முதல் காரணம் சாலை. மேம்பாலத்தோடு கூடிய புதிய சாலை வந்தபின் லாரிகளும் பேருந்துகளும் அந்தப் பக்கம் போய்விட்டன. காட்டுக்குள் வளைந்து வளைந்து ஏறும் பழைய சாலையில் நெரிசல் குறைந்து, சைக்கிளோட்டிகளுக்கு வசதியாகிவிட்டது. இரண்டாவது காரணம், 825 மீட்டர் உயரமுள்ள அங்சி மலைக்குப் போகும் நடைபாதைகள் இதே இடத்தில் தொடங்குகின்றன. காரை ஒரே ஊரில் நிறுத்திவிட்டு இரண்டையும் முடிக்கலாம்.

மூன்றாவது காரணம் ஜொகூர்க்காரர்களுக்கு உரியது. கணவாயின் மேற்கே விழும் மழை லிங்கி ஆற்றில் சேர்கிறது. கிழக்கே விழும் மழை தெராச்சி ஆறு வழியாக மூவார் ஆற்றில் கலந்து, தெற்கே நெடுந்தூரம் ஓடி, நம் ஜொகூரின் மூவார் நகரில் கடலைச் சேர்கிறது. உச்சி வளைவில் நின்று இரண்டு பக்கமும் பாருங்கள். வரைபடத்தில் படித்த நீர்ப்பிரிமுகடு அங்கே கண்ணெதிரே இருக்கும்.

இந்த வழிக்கு ஒரு போர் வரலாறும் உண்டு. 1875 டிசம்பரில் ஸ்ரீ மெனாந்தி ஆட்சியாளர் யாம்துவான் அந்தாவின் ஆட்கள் இங்கே மரக்கோட்டை எழுப்பிப் பிரிட்டிஷ் படையை மறித்தார்கள். கூர்க்கா படையின் கேப்டன் ஜார்ஜ் சானர் சில வீரர்களோடு காட்டுவழியாகச் சுற்றிப்போய் அதைப் பிடித்தார். அதற்காக அவருக்கு விக்டோரியா கிராஸ் விருது கிடைத்தது. கணவாய் விழுந்ததும் படை மறுபக்கம் இறங்கி ஸ்ரீ மெனாந்தி அரண்மனையை எரித்தது. நீங்கள் சைக்கிளில் போகப் போவதும் ஏறக்குறைய அந்த வழிதான்.

முதலில் அருகில் பழகுங்கள்

பழக்கமில்லாத கால்களோடு நேரே கணவாய்க்குப் போகாதீர்கள். சில வாரங்கள் ஜொகூர் மலைகளில் ஏறி இறங்குங்கள்.

புலாய் மலை (654 மீட்டர்): உச்சியில் ஒலிபரப்புக் கோபுரங்கள் இருப்பதால் மேலே வரை தார்ச்சாலை உண்டு. நடந்து ஏறிப் பழக நல்ல இடம். 1961ஆம் ஆண்டுத் தண்ணீர் ஒப்பந்தப்படி, தெப்ராவ் ஆற்றைப் போலவே இந்த மலையின் நீரும் சிங்கப்பூருக்குப் போனது. அந்த ஒப்பந்தம் 2011 ஆகஸ்ட் 31ஆம் தேதியோடு முடிந்தது. சைக்கிளுக்கு அனுமதி உண்டா என்பதை நுழைவாயிலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

லம்பாக் மலை (510 மீட்டர்): குளுவாங் நகரை ஒட்டியது. குறுகிய தூரத்தில் செங்குத்தாக ஏறுவதால் முழங்காலின் நிலைமை உடனே தெரிந்துவிடும். இறங்கி வந்ததும், 1938 முதல் நடந்துவரும் குளுவாங் ரயில் நிலையக் காப்பிக்கடையில் பசியாறிவிட்டுத் திரும்பலாம்.

ஜொகூரின் ஆக உயர்ந்த மலையான லேடாங் (1,276 மீட்டர்) பயிற்சிக்கு உரியதல்ல. அதற்குத் தனி அனுமதியும் வழிகாட்டியும் வேண்டும். கணவாய்ப் பயணம் முடிந்தபின் யோசியுங்கள்.

எப்போது போகலாம்?

பிப்ரவரி, மார்ச் மாதங்களும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரையும் வசதியானவை. ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பரில் பிற்பகல் இடிமழை அடிக்கடி வரும். டிசம்பர், ஜனவரியில் ஜொகூர்ச் சாலைகளிலேயே வெள்ளம் ஏறலாம். எந்த மாதமானாலும் விடியற்காலையில் தொடங்கி இயன்றவரை நண்பகலோடு முடிப்பதுதான் மலைக்குச் சரிப்படும்.

தெப்ராவிலிருந்து வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் சிரம்பானுக்குக் காரில் மூன்று மணி நேரம் ஆகும். நெடுஞ்சாலையில் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. காரின் பின்னே கட்டித்தான் கொண்டுபோக வேண்டும். வெள்ளிக்கிழமை மாலையே கிளம்பிச் சிரம்பானில் தங்கினால் காலை நேரம் முழுதாகக் கிடைக்கும்.

முதல் நாள்: சைக்கிளில்

சிரம்பானை ஒட்டிய பாரோயில் தொடங்குங்கள். வீடுகளும் கடைகளும் பின்தங்கி, பழைய சாலை பிரிந்ததும் காடு நெருங்கி வரும். ஏற்றம் தொடங்கும் முன்பே சிறிய கியருக்கு மாற்றிவிடுங்கள். பாரம் ஏறிய பிறகு மாற்றினால் சங்கிலி கழன்றுகொள்ளலாம். பக்கத்தில் வருபவரோடு பேசிக்கொண்டே மிதிக்க முடிகிற வேகம்தான் சரியான வேகம். பேச்சு நின்றால் இறங்கி ஒரு வளைவு தூரம் தள்ளிக்கொண்டு நடங்கள்.

இறங்கும்போதுதான் ஆபத்து அதிகம். வெயில் படாத வளைவுகளில் பாசி பிடித்திருக்கும். மூங்கில் சருகு ஈரத்தோடு தாரில் ஒட்டிக் கிடக்கும். வளைவுக்குள் நுழையும் முன்பே இரண்டு பிரேக்கையும் விட்டு விட்டு அழுத்தி வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவில் பிரேக்கைப் பிடிக்காமல் உருளுங்கள். வளைவின் வெளிப்பக்க மிதிகட்டையைக் கீழே வைத்து உடல் எடையை அதன்மேல் ஊன்றினால் சக்கரம் வழுக்குவது குறையும். எதிரே மோட்டார் சைக்கிள்கள் வேகமாக வரும். எக்காரணம் கொண்டும் நடுக்கோட்டைத் தாண்டாதீர்கள்.

மறுபக்க அடிவாரத்தில் உலு பெண்டுல் பொழுதுபோக்குப் பூங்கா வரும். ஆற்றில் முகம் கழுவி, தண்ணீர் நிரப்பிக்கொள்ளுங்கள். கால் இடம் கொடுத்தால் தெராச்சி ஊரில் திரும்பி ஸ்ரீ மெனாந்திவரை போங்கள். 1902 முதல் 1908 வரை கட்டிய பழைய அரண்மனை அங்கே இருக்கிறது. நான்கு மாடிகள், 99 தூண்கள், எல்லாம் மரம். ஓர் ஆணிகூட அடிக்கவில்லை. உள்ளே போக முடியாத நாளிலும் வெளியே நின்று தூண்களின் செதுக்கு வேலையைப் பார்க்கலாம். வழியில் சாப்பிட, புகையூட்டிய இறைச்சியில் செய்த மசாக் லெமாக் சிலி அப்பி கேளுங்கள். காரம் நம் நாக்குக்கே சவாலாக இருக்கும்.

திரும்ப அதே கணவாயை ஏற வேண்டும் என்பதை நினைவில் வைத்துத் தூரத்தை முடிவு செய்யுங்கள்.

இரண்டாம் நாள்: அங்சி மலைக்கு நடந்து

பாதைகள் இரண்டு. புக்கிட் புத்துஸ் பக்கமிருந்து போவது நீளம் குறைந்தது, செங்குத்தானது. சில இடங்களில் கயிற்றைப் பிடித்து ஏற வேண்டும். உலு பெண்டுலிலிருந்து போவது நீளமானது. ஆற்றோரமாக நெடுநேரம் நடந்து, பிறகு முகட்டில் ஏறும். முதல்முறை வருபவர்களும் பிள்ளைகளோடு வருபவர்களும் உலு பெண்டுல் பாதையிலேயே ஏறி அதிலேயே இறங்குவது நல்லது. ஏறுவதற்கே மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். வானம் தெளிவாக இருந்தால் மேற்கே மலாக்கா நீரிணைவரை தெரியும்.

வனத்துறையின் அனுமதி தேவை. அனுமதி நடைமுறையையும், பழைய சாலை மண்சரிவால் மூடியிருக்கிறதா என்பதையும் கிளம்பும் வாரத்திலேயே விசாரித்துவிடுங்கள்.

பையில் இருக்க வேண்டியவை

தலைக்கவசம், முன்னும் பின்னும் எரியும் விளக்குகள், மாற்று டியூப், காற்றுப் பம்பு, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், மழைச்சட்டை, நெற்றிவிளக்கு, நீளமான காலுறை. மழைக்குப் பிறகு அட்டைகள் ஏறும். பிடுங்கி இழுக்காமல் நகத்தால் அதன் வாயோரம் நெம்பி எடுத்துவிட்டுக் காயத்தைக் கழுவுங்கள். குரங்குகளுக்குத் தின்பண்டம் கொடுக்காதீர்கள்.

ஆற்றைப் பற்றி ஒரு கண்டிப்பு

2001 டிசம்பர் 27ஆம் தேதி ‘வாமெய்’ புயல் தென்கிழக்கு ஜொகூரில் கரையேறியது. அதன் மழையில் புலாய் மலையில் சேறும் பாறையும் சரிந்து உயிர்களைப் பறித்தன. மேலே பெய்யும் மழை கீழே குளிப்பவர்களுக்குத் தெரியாது. ஆற்றுநீர் திடீரெனக் கலங்கினாலோ, சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ, பொருள்களை எடுக்கக்கூட நிற்காமல் மேட்டுக்கு ஏறிவிடுங்கள். பிற்பகல் ஒரு மணிக்குள் உச்சியை எட்டாவிட்டால் திரும்பிவிடுங்கள். அவசர உதவிக்கு 999.

அடுத்த கணவாய்கள்

புக்கிட் புத்துஸ் கைவந்த பிறகு, உலு லங்காட்டிலிருந்து ஜெலுபு பக்கம் இறங்கும் கெந்திங் பெராஸ் இருக்கிறது. அதற்கும் மேலே, கோலக் குபு பாருவிலிருந்து பிரேசர் மலைக்கு ஏறும் ‘கேப்’ சாலை இருக்கிறது. இந்நாட்டின் சாலைகளையும் தண்டவாளங்களையும் போட்டதில் தமிழ்த் தொழிலாளர்களின் உழைப்பு பெரும்பங்கு. அவர்களின் பேரப்பிள்ளைகள் இத்தகைய சாலைகளைக் காரின் கண்ணாடி வழியாக மட்டும் பார்த்துப் போவது போதாது. இந்த மாதமே புலாய் மலையில் பழகத் தொடங்குங்கள். வீட்டுப் பிள்ளைகளில் ஒருவரையாவது கூட அழைத்துப் போங்கள்.